எழுத்தறியாதவர் ஒருவர் தேவை

அணித் தலைவி விதோசாவா மேடையில் பேசியது மொத்தம் நாலே வாக்கியம். நாலாவது வாக்கியத்தில்தான் வம்பு இருந்தது.

அவளுக்கு முன்னால் பேசிவிட்டு இறங்கியவன் எதிர்க்கரை அணியின் தலைவன். தன் அணியில் எழுதப் படிக்கத் தெரியாத பன்னிரண்டு பேருக்கும் செப்டம்பர் முடிவதற்குள் எழுத்தறிவித்துவிடுவதாக அவன் உறுதிமொழி கொடுத்திருந்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விதோசாவா மைக்கைப் பிடித்தாள். தன் அணி பதின்மூன்று பேருக்கு எழுத்தறிவிக்கும் என்றாள்.

சாயங்காலத்துக்குள் போஸ்னா ஆற்றின் இரண்டு கரையிலும் ஒலிபெருக்கிகள் அதைச் சொல்லி முடித்திருந்தன.

உலக யுத்தம் முடிந்த கையோடு, இளைஞர் தொண்டர் அணிகள் ஷாமாட்ஸிலிருந்து சராயேவோவுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த அந்தக் கோடையில், ஒலிபெருக்கி சொல்லிவிட்டால் சொன்னதுதான். சொன்ன எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மண் வெட்டுவதானாலும் சரி, கல் பரப்புவதானாலும் சரி, எழுத்துச் சொல்லிக்கொடுப்பதானாலும் சரி. சொன்னதை மிஞ்சிச் செய்த அணியின் கூடாரத்து வாசலில், அணிக்கு அணி பரிசாகக் கைமாறும் சுழற்கொடி பறக்கும். குறைவாகச் செய்த அணியைப் பற்றி அதே ஒலிபெருக்கி சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் பேசும். பீன்ஸ் கஞ்சி தொண்டையில் இறங்காது.

விதோசாவா ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எண்ணிவிட்டுத்தான் சொன்னாள். பதின்மூன்றாவது ஆள் சமையல்காரி யேலா. ஸ்டோரிலிருந்து சாமான் வரும்போதெல்லாம், "இதுல என்ன போட்டிருக்கு, படி" என்று யாரிடமாவது நீட்டுகிறவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதில் அணியில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மறுநாள் காலை ஸ்டோர்காரர் மாவு மூட்டைகளோடு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யேலா சும்மா இருக்காமல் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். மூட்டைமேல் ஒட்டியிருந்த சாமான் பட்டியலைத் தலையிலிருந்து கால் வரை கடகடவென்று படித்தாள். படித்துவிட்டு, உப்பு ஒரு மூட்டை குறைகிறதே என்று ஸ்டோர்காரரிடம் சண்டைக்கும் போனாள்.

விதோசாவா அவளைத் தனியே இழுத்து வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும் என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றாள் யேலா. கண்தான் தெரியாது, எழுத்து நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளைக்குத் தெரியாத மாதிரி இருக்க முடியுமா என்று விதோசாவா கெஞ்சினாள். ஸ்டோர்காரர் முன்னால் படித்துக் காட்டியாகிவிட்டது. அவர் தலைமையகத்து ஆள். இனி என்ன நடித்தாலும் எடுபடாது.

அணியில் எழுத்தறியாதவர் ஒருவர் குறைந்தார்.

அன்று மத்தியானம்தான் ஓப்ரெனுக்கு அழைப்பு வந்தது.

ஓப்ரெனுக்கு இருபது வயது. கால் முறிந்து ஊருக்குப் போன ஒருவனுக்குப் பதிலாக அணிக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாரோடும் அதிகம் பேசாதவன். யுத்தம் வருவதற்கு முன் பான்யா லூக்காவில் அத்தை வீட்டில் தங்கி, ஜிம்னாசியம் என்கிற உயர்நிலைப் பள்ளியில் நாலு வகுப்பு முடித்திருந்தான். பிறகு அத்தையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மாமாவின் மர அறுவைப் பட்டறையில் போய்ச் சேர்ந்தான். மாமாவின் இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம். மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்ட அதே ரம்பத்தின் முன்னால்தான் ஓப்ரெனையும் நிறுத்தி வைத்திருந்தார்.

அவன் அணியில் சேர்ந்ததற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், வாத்தியார் இல்லை. அதற்காக அக்டோபரில் தூஸ்லாவில் ஆறு மாத ஆசிரியர் பயிற்சி தொடங்குகிறது. நாலு வகுப்பு படித்திருக்க வேண்டும், அணித் தலைவரின் சிபாரிசு வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து ஆறு மாதமெல்லாம் கிடையாது, முழுசாக நாலு வருடம் என்று பேச்சு. நாலு வருடம் அவனுக்கு யார் சோறு போடுவார்கள்? இந்த அக்டோபர் தவறினால் ரம்பம்தான்.

வந்த அன்றே அவன் இதையெல்லாம் விதோசாவாவிடம் சொல்லியிருந்தான். அவள் மறக்கவில்லை.

"உன்னால எழுத்துத் தெரியாதவனா இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். யேலாவையும் கண்ணாடியையும் பற்றிச் சொன்னாள். மற்ற பன்னிரண்டு பேருக்கும் நிஜமாகவே எழுத்து வரப்போகிறது, அதில் பொய் இல்லை என்றாள். விதோசாவாவே யுத்தத்தின்போது காட்டில், பதுங்கியிருந்த இடத்தில், கரித்துண்டால் எழுத்துக் கற்றவள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

"ஒரு ஆளுக்காகப் பன்னெண்டு பேரோட பாட்டையும் ஒலிபெருக்கியில கேலி பண்ணுவாங்க, ஓப்ரென். நீ வந்து மூணு நாள்தான் ஆகுது. உன்னை இங்க யாருக்கும் தெரியாது."

"தூஸ்லாவுக்குச் சிபாரிசு?"

"நீ கேக்கறதை விடப் பெரிசா எழுதித் தர்றேன்."

ஓப்ரென் சம்மதித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆற்றோரம் அடுக்கிய ஸ்லீப்பர் கட்டைகளின் நிழலில் வகுப்பு. முழங்கால்மேல் பலகை, பலகைமேல் காகிதம். வாத்தியார் ஸ்தெங்கோ, ஸாக்ரெபில் சட்டம் படிக்கிற பையன். ஓப்ரென் விஷயம் அவனுக்குச் சொல்லப்படவில்லை. தெரிந்தால் அவனுடைய முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று விதோசாவா நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாள்.

எழுத்துத் தெரியாதவனாக இருப்பது சுலபமில்லை என்பது முதல் நாளே ஓப்ரெனுக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கட்டலாம், கண்ணை எப்படிக் கட்டுவது? எதிரே சுவரில் வாசகம் இருந்தால் கண் தானாகப் படித்துவிடுகிறது. ஒருநாள் கூடாரத்துச் சுவரில் ஒட்டியிருந்த அணிச் செய்தித்தாளில், ஸ்தெங்கோ தள்ளுவண்டியோடு ஆற்றில் விழுந்ததைப் பற்றி யாரோ கிண்டலாக எழுதியிருந்தார்கள். ஓப்ரென் நின்று படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?" என்று பின்னால் ஒரு குரல்.

ஹசிபா. ஸெப்செ ஊருக்கு மேலே மலைக் கிராமத்துப் பெண். பதினெட்டு வயது. பிக்காசு பிடித்தால் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவளும் அவள்தான்.

ஓப்ரென் செய்தித்தாளின் மூலையைக் காட்டினான். அங்கே நல்லவேளையாக ஒரு படம் இருந்தது.

"படத்தைப் பாத்தா இவ்வளவு சிரிப்பு?" என்றாள் ஹசிபா. "அது சிமென்ட் மூட்டை."

"எனக்கு ஸ்தெங்கோ மாதிரி தெரிஞ்சுது."

அவள் படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். ஓப்ரெனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அன்றைக்குப் பிறகு அவன் மிக எச்சரிக்கையாக இருந்தான். எச்சரிக்கை அதிகமாகிவிட்டது. வகுப்பிலேயே மிகவும் மந்தம் அவன்தான் என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் சொல் சேர்த்துப் படிக்கும்போது அவன் தனி எழுத்திலேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். இந்த மண்டையில் எதுவும் ஏறாது என்று ஸ்தெங்கோ விதோசாவாவிடம் போய் வருத்தப்பட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடு என்றாள்.

பொறுமையை எடுத்துக்கொண்டவள் ஹசிபா.

வகுப்பில் தான் ஒருத்திதான் முட்டாள் என்று முதல் வாரம் முழுக்க அவள் நினைத்திருந்தாள். வாயையே திறக்கவில்லை. தன்னைவிட மோசமான ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது. வேலை நேரத்தில் அவனோடு ஒரே தள்ளுவண்டிக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மண் கொட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பிக்காசுக் காம்பால் தரையில் தங்கள் மொழியின் எழுத்துகளைப் போட்டாள்.

"இங்க பாருப்பா. இது என்ன?"

"தெரியல."

"உன் தோள்ல என்ன இருக்கு?"

"பிக்காசு."

"அதேதான். நிமித்தி வெச்ச பிக்காசு. 'ட'. சக்கரம் 'ஓ'. மூணு பல்லு முள்கவை, வைக்கோல் வாருவோமே, அது 'ஷ'. உங்க ஊர்ல வைக்கோல் உண்டா, இல்ல மரத்தை அறுத்துத்தான் மாட்டுக்குப் போடுவீங்களா?"

ஸ்தெங்கோ இப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவன் பாடப்புத்தகத்தில் என்ன வரிசையோ அந்த வரிசைதான். ஹசிபா கையில் இருப்பதிலிருந்து தொடங்கினாள்: பிக்காசிலிருந்து, சக்கரத்திலிருந்து, சமையல்காரி யேலாவின் கரண்டியிலிருந்து. ஓப்ரென் தெரியாதது போல் முழிப்பான்; அவள் வேறொரு வழி தேடுவாள்; அவனுக்காகத் தேடிய வழியில் அவளே போய்ச் சேர்ந்துவிடுவாள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஹசிபா சிமென்ட் மூட்டைமேல் இருப்பதையெல்லாம் படிக்கத் தொடங்கியிருந்தாள். அதுவும் அவனுக்குப் படித்துக் காட்டுவதற்காக.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். எழுதத் தெரிந்த பெண் யாருக்காவது கடிதம் எழுதுவாள் என்று அவள் அப்பா பயப்படுகிறவர். சித்தப்பா மகன் கூட வருகிறான் என்பதால்தான் அவளை அனுப்பினார். பரீட்சையில் தேறாவிட்டால் ஊரில் போய் ரயில் பாதைக்குக் கல் சுமந்தேன் என்று சொல்லிக்கொள்வாளாம். படிக்க உட்கார்ந்தேன் என்று சொல்லவே மாட்டாளாம்.

"நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டாள்.

"நான் தேறிடுவேன்" என்றான் ஓப்ரென்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். "அதுக்கு நான்தான் உழைச்சுச் சாகணும்."

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் விதோசாவா ஓப்ரெனைக் கூப்பிட்டாள். கூடாரத்துக்குள் அல்ல, வெளியே, பாதை ஓரம். முகம் சரியில்லை.

பரீட்சை நடத்த வருகிறவர் தோழர் யாகோதா என்றாள். தலைமையகத்தில் கல்விப் பொறுப்பு அவருக்குத்தான். பழைய வாத்தியாரம்மா. அவன் தலையாட்டினான். அதனால் என்ன?

"தூஸ்லாப் பயிற்சிக்கு ஆள் எடுக்கறதும் அவங்கதான். நேர்ல கூப்பிட்டுப் பேசித்தான் எடுப்பாங்களாம். இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

ஆற்றின் அந்தப் பக்கம் ஒலிபெருக்கி ஏதோ பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஓப்ரென் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளைக்கு யார் முன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறப் போகிறானோ, அதே அம்மாள் முன்னால் அடுத்த வாரம் போய், நான் ஜிம்னாசியத்தில் நாலு வகுப்பு படித்தவன், வாத்தியாராக வேண்டும் என்று நிற்க வேண்டும். சிபாரிசு எத்தனை பெரிசாக இருந்து என்ன?

"தெரிஞ்சிருந்தா உன்னைக் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள் விதோசாவா.

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க, தோழர்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீ ஒழுங்காப் படிச்சா, எழுந்து நின்னு தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன். கொடி போகும். போகட்டும். கொடிக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்தேன்னு இருக்க வேண்டாம்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அதனால்தான் முடிவெடுப்பது அவனுக்குச் சுலபமாயிற்று. படுக்கப் போகும்போதே தீர்மானித்துவிட்டான். நாளைக்குப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் ஜிம்னாசியத்தில் படித்தது போலவே படித்துவிடுவது. பிறகு உண்மையைச் சொல்லிவிடுவது. ஒலிபெருக்கி நாலு நாள் பேசும். ரம்பம் நாற்பது வருடம் பேசும். அவன் நன்றாகத் தூங்கினான்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் பரீட்சை. யேலா மேஜைகளைக் கழுவி வைத்திருந்தாள். வெங்காய வாசனை மட்டும் போகவில்லை. யாகோதா உயரமில்லாத, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட அம்மாள். தன் முன்னால் ஒரு கோப்பை பார்லிக் காபியும் மடித்த பத்திரிகையும் வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்தெங்கோ, பரீட்சை தனக்கு என்பது போல வியர்த்துக்கொண்டு. வாசலுக்கு அருகே விதோசாவா.

யாகோதாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தனித்தனியாகக் கூப்பிட்டால் பயப்படுகிறார்கள் என்று, வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களை இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுவார்; பதின்மூன்று பேர் என்பதால் முதல் தடவை மட்டும் மூன்று பேர். ஒவ்வொரு ஜோடியும் பத்திரிகையில் ஒரு பத்தி படித்தார்கள், தங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். எல்லோரும் தேறினார்கள்.

கடைசி ஜோடி ஹசிபாவும் ஓப்ரெனும்.

யாகோதா பத்திரிகையை முதலில் ஹசிபாவிடம் கொடுத்தார். டோபோய் பாலத்துக்குச் சிமென்ட் வந்து இறங்கிய செய்தி. ஹசிபா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசையவில்லை.

நேரமிருக்கிறது, அவசரமில்லை என்றார் யாகோதா.

ஹசிபாவின் காதுமடல் சிவந்தது. நேற்று வரை மூட்டை மூட்டையாகப் படித்தவள். அவ்வளவும் போய்விட்டது. ஸ்தெங்கோ வாயசைத்து ஏதோ உதவப் பார்த்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

யாகோதா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பத்திரிகையை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கினார். "பரவாயில்லம்மா. இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

இன்னொரு தடவை கிடையாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் அணி கலைகிறது.

பத்திரிகை இப்போது ஓப்ரென் முன்னால். ஒரே பார்வையில் முழுப் பத்தியும் அவனுக்குள் போய்விட்டது. எங்கிருந்து வந்தது, எத்தனை வண்டி, யார் வரவேற்றார்கள், எல்லாம். வாயைத் திறந்தால் போதும். திறந்தான்.

பக்கத்தில் ஹசிபா கைகளை மடியில் வைத்து, உள்ளங்கைக் காய்ப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல் சுமந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

ஓப்ரென் முதல் சொல்லின்மேல் விரலை வைத்தான். யாகோதாவைப் பார்க்காமல் ஹசிபா பக்கம் திரும்பினான்.

"இது என்ன எழுத்து?"

அவள் நிமிர்ந்தாள். "எது?"

"இதான். மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா?" அவள் குரலில் பழைய சூடு வந்துவிட்டது. "நேத்து வண்டி தள்ளும்போது சொன்னேனே. சொன்னேனா இல்லையா? சக்கரம் மாதிரி இருக்கில்ல?"

"அப்ப அதுக்கடுத்தது?"

"கண்ணை எங்க வெச்சுட்டு வந்தே? பிக்காசு. சேத்துச் சொல்லு. சொல்ல மாட்டே. தள்ளு." அவள் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தாள். விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு சொல்லாக, அவனைத் திட்டுகிற அதே குரலில் படித்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. டோபோய் வந்தது, பாலம் வந்தது, சிமென்ட் வந்தது. "பாத்தியா, இவ்வளவுதான்! இதுக்குப் போயி..." என்று முடித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாகோதா அவளை நிறுத்தவேயில்லை. இப்போது அவனைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியை ஓப்ரென் மூச்சு வாங்க, இரண்டு இடத்தில் தடுக்கி, ஒரு இடத்தில் ஹசிபாவிடம் முழங்கை இடி வாங்கி, படித்து முடித்தான். வாசலருகே விதோசாவா தலையைக் குனிந்துகொண்டாள்.

இருவரும் தேறினார்கள். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யாகோதா கேட்டபோது, ஓப்ரென் பக்கத்தில் கையைக் காட்டினான். எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று அவர் ஹசிபாவைக் கேட்டார். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பிக்காசு, முள்கவை, யேலாவின் கரண்டி, இந்த மரமண்டைக்கு எதற்கு எது பிடித்தது என்று எல்லாம் வந்தது. காபி ஆறிப்போகும் வரை யாகோதா கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஒலிபெருக்கி இரண்டு செய்தி சொன்னது. பதின்மூன்று பேருக்கும் எழுத்தறிவித்த அணிக்குச் சுழற்கொடி. அந்த அணியின் தோழர் ஹசிபா, எழுத்து ஏறாத ஒருவருக்குத் தானே கற்றுக்கொடுத்ததற்காக, குளிர்கால எழுத்தறிவு வகுப்புகளை நடத்தும் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். இடம், தூஸ்லா.

கூடாரத்தில் அக்கார்டியன் எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓப்ரென் கைதட்டினான். பிறகு வெளியே வந்து நின்றான்.

காலையில் அவன் தலைமையகத்துக்கு நடந்தே போனான். யாகோதா ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து சோளரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனையும் உட்காரச் சொல்லிப் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். அவன் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பான்யா லூக்கா, நாலு வகுப்பு, மாமாவின் ரம்பம், கண்ணாடி போட்ட சமையல்காரி. தூஸ்லா ஆசிரியர் பயிற்சிக்கு எப்படியாவது தன்னை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"உனக்கு முன்னாலயும் வந்திருக்காங்க, தம்பி. ஒருத்தன் பாதிரியார் மகன். தடுமாறிப் படிக்கிறதா நினைச்சுக்கிட்டு, அவங்கப்பா பூசை வெக்கிற ராகத்துலயே படிச்சான். நீ பரவாயில்ல. நான் நம்பிட்டேன்."

"எண்ணிக்கையை மாத்த முடியுமா?"

மாற்றலாம் என்றார். தொலைபேசியில் மேலிடத்தாரிடம் பதின்மூன்றில் ஒன்று கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதை ஏற்கெனவே மேலே சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் அதற்கும் மேலே. எழுத்து வந்த ஒருவனுக்கு எழுத்து எப்படிப் போயிற்று என்று விசாரிக்க ஆள் வரும். வரட்டும், அது தன் பாடு என்றார். விதோசாவாவுக்குத் திட்டு விழும், கொடி போகும். அதுவும் உலகம் முடிந்துபோகிற விஷயமில்லை.

"அந்தப் பொண்ணுதான் எனக்கு இடிக்குது" என்றார். "அவளை என்ன சொல்லி எடுத்தேன்? எழுத்து ஏறாத ஒருத்தனுக்கு ஏத்திவிட்டாள்னு. நீ ஜிம்னாசியம்னா, அவ யாருக்கு என்னத்தை ஏத்தினா?"

"அவ நல்லாச் சொல்லித் தருவா, தோழர். அதுல பொய்யில்ல. எனக்கு வாத்தியாரா வந்தவங்கள்ல யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்ல."

"எனக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது. கமிட்டிக்கு அவ பக்கத்துச் சாட்சி நீ ஒருத்தன்தான்."

"ரெண்டு பேரையும் அனுப்ப வழியில்லையா?"

யாகோதா ரொட்டித் துணுக்குகளை மடியிலிருந்து தட்டினார். யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே கதையிலேருந்து வர்றீங்க. உன் கதை நிஜம்னு எழுதினா அவளோடது பொய்யாயிடும். லாரி பதினோரு மணிக்கு. அதுக்குள்ள சொல்லு. நீ எதைச் சொன்னாலும் அதைத்தான் நான் எழுதுவேன்."

அவர் உள்ளே போய்விட்டார். ஓப்ரென் பெஞ்சில் தனியாக இருந்தான். கையில் ரொட்டி இருப்பது நினைவுக்கு வந்து அதைத் தின்றான். பட்டறையின் சத்தத்தை நினைத்துப் பார்த்தான். காதுக்குள் அது எப்போதும் இருந்தது. நேற்று கூடாரத்தில் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்த கையையும் நினைத்துப் பார்த்தான். அந்தக் கையிலிருந்து அதைத் திரும்பப் பிடுங்குவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

"தோழர், காலையில நான் உளறிட்டேன். ஹசிபா சொல்லிக்கொடுத்தது தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது."

யாகோதா பேனாவைக் கீழே வைத்தார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"சரி. புதுசா எழுத்து வந்தவங்களுக்கு நவம்பர்ல ஒவ்வொரு வட்டாரத்துலயும் மாலை வகுப்பு ஆரம்பிக்குது. ஒண்ணாங்கிளாஸ். அதுல போய் உக்காரு. முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்காதே. கேட்டா மட்டும் சொல்லு. ஒரு குளிர்காலத்துல நாலு கிளாஸ் தாண்டலாம், அதுக்கு விதி இருக்கு. அப்புறம் ஜிம்னாசியத் தேர்வைத் தனியா எழுது, அதுக்கும் விதி இருக்கு. இவ்வளவு வேகமா ஒருத்தன் படிச்சான்னா உங்க வட்டாரமே உன்னைத் தூக்கி வெச்சுக்கும். அவங்களுக்கும் எண்ணிக்கை வேணுமில்ல? படிப்பை முடிச்சுட்டு என் முன்னால வந்து நில்லு."

"ஆறு மாசப் பயிற்சி அப்ப இருக்காதுன்னு சொல்றாங்க."

"இருக்காதுதான். நாலு வருஷம். ஹாஸ்டல் உண்டு, கஞ்சி ஊத்துவாங்க. நல்லா இருக்காது." பேனாவை மறுபடி எடுத்தார். "வந்து நிக்கும்போது என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. எனக்கும் உன்னைத் தெரியாது."

அவன் திரும்பி வந்தபோது லாரி கூடாரத்து முன்னால் நின்றிருந்தது. புதுக் கொடி வாசலில் இருந்தது. யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விதோசாவா அவனைக் கண்டதும் வேகமாக எதிரே வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்றான். அவள் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஹசிபா லாரியின் பின்பக்கம் ஏறி, மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா மகன் கீழே நின்று, இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று புலம்பிக்கொண்டிருந்தான். நானே எழுதிப் போடுகிறேன், நீ அப்பாவுக்குப் படிக்க மட்டும் ஆள் தேடு என்று அவள் அவன் வாயை அடைத்தாள். ஓப்ரெனைப் பார்த்ததும் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

"காலையிலேருந்து எங்க போயிட்டே? சொல்லாமப் போயிடுவேன்னு நினைச்சியா?"

"தலைமையகத்துல ஒரு வேலை."

"உனக்குத் தலைமையகத்துல என்னப்பா வேலை?" அவனை உற்றுப் பார்த்தாள். "முகம் ஒரு மாதிரி இருக்கே. நான் தூஸ்லா போறேன்னு பொறாமையா?"

லாரி உறுமத் தொடங்கியது. ஓப்ரென் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியைப் போட்டான்.

"ஆமா" என்றான்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

"அப்படின்னா உருப்பட்டுருவே" என்றாள்.

லாரி திரும்பி, அவர்கள் கொட்டிய மண்மேட்டின் ஓரமாக ஓடி, வளைவில் மறைந்தது. அடுத்த வண்டி மண் காத்திருக்கிறது என்று ஸ்தெங்கோ தூரத்திலிருந்து கத்தினான். ஓப்ரென் தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்தான். கூட வர ஆள் இல்லாததால், அதைத் தனியாகவே தள்ளிக்கொண்டு போனான்.